நூற்றைத் தாண்டிய நாடு

இந்த வீட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கிளம்பக் கூடாது என்று போன செப்டம்பரில் சபதம் எடுத்தேன். மாணவிக்கு வயது ஐம்பத்தொன்பது. என் மனைவி எவாந்தியா.

கிரீஸின் பாத்ரா துறைமுகத்துக்கே சட்டை தைத்தவள், எனக்குத் தெரியாமல் நுழைவுத் தேர்வு எழுதி, எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க இடம் வாங்கிவிட்டாள். பிள்ளைகள் நகம் கடிக்கும் தேர்வு. இவள் நடுவில் தூக்கம்கூடப் போட்டாளாம்.

பெருமைதான். ஆனால் ஒரு சிக்கல். நான் அதே துறையில் பட்டம் வாங்கியவன் என்று சொல்லித்தான் இவளைக் கட்டினேன். வாங்கவில்லை. சான்றிதழ் எங்கே என்று மாமனார் கேட்டபோது, கப்பல் மேல்தளத்தில் பிரித்தேன், காற்று இத்தாலிக்குக் கொண்டுபோய்விட்டது என்றேன். அந்த வருடம் காற்று பலம். நம்பிவிட்டார்.

இவள் அங்கே போனால் குட்டு உடைந்துவிடாதா? பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“எவாந்தியா, கேளு. காலேஜ் வயசுல நூறு பேர்னா, உலக சராசரி நாப்பது பேர்தான் சேர்றாங்க. நம்ம கிரீஸ்ல நூறையே தாண்டிடுச்சு! நீ வேற ஏறினா நாடு தாங்காது.”

“பந்தெலி, நூறு பேர்ல எப்படி நூத்துச் சொச்சம் பேர் படிப்பாங்க?”

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். சுங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கணக்குப் பார்த்த திமிர் விடவில்லை.

“இதுகூடத் தெரியலையா? வகுக்கறது காலேஜ் வயசுப் பசங்களை மட்டும். வகுபடறது பதிவேட்டுல பேர் இருக்கற எல்லாரும். கிழவனும் உண்டு. படிப்பை முடிக்காம ஓடிப்போனவனும் உண்டு.”

“ஓடிப்போனவன் பேரை அடிச்சிட மாட்டாங்க?”

“எங்க அடிக்கறாங்க? நாப்பது வருஷமானாலும் அப்படியே இருக்கும்!”

“அடேயப்பா, எவ்வளவு விவரம்! நேத்து காலேஜ் அலுவலகத்துல இருந்த பொண்ணும் இதையேதான் சொன்னா.” கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினாள். “என் பேரைப் பார்த்துட்டு, 'இதே குடும்பப் பேர்ல எழுபத்திநாலுல இருந்து ஒருத்தர் இருக்காரே, உங்க உறவா?'ன்னு கேட்டா.”

தாளில் என் பெயர். பக்கத்தில் பதினெட்டு வயதில் நான், முடியோடு.

“நீ... என்ன சொன்னே?”

“தூரத்து உறவுன்னு சொன்னேன். பதினோரு பாடம் பாக்கியாம். காலையில எட்டு மணி பஸ். கிளம்பிடு.”

கத்தவில்லை, அழவில்லை, மாமனாரை இழுக்கவில்லை. மறுபடி இலை சுருட்ட உட்கார்ந்துவிட்டாள். அப்பேர்ப்பட்ட பெண்!

இப்போது முன் வரிசையில் அவள். பேராசிரியரே ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் விடையை எழுதுகிறார். பின் வரிசையில் நான்.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் கல்லூரிக்குப் போகிறோம். நாட்டின் கணக்கில் ஒருவர்தான் கூடியிருக்கிறார்.