ஷாம்பு நுரையில் ஒரு நூறு ரூபாய்

பில்லில் எழுதியிருக்கிற தொகையைக் கொடுக்க நான் என்றைக்குமே பயந்ததில்லை. எழுதாத தொகைதான் என்னைப் பயமுறுத்தும். கொஞ்சமாகக் கொடுத்தால் கஞ்சப்பிசினாரி, அதிகமாகக் கொடுத்தால் ஊதாரி, கொடுக்காமலே எழுந்தால் மனுஷனே இல்லை. டிப்ஸ் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை (பி.காமிலும் இல்லை, படித்துப் பார்த்துவிட்டேன்). இந்த ஒரு விஷயம் தெரியாததால் என் கல்யாணமே கவிழப் பார்த்தது.

நான் நாகர்கோவில்காரன். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்டாக இருந்தேன். அங்கேயே வலியசாலையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் உமா. ஜாதகம் பொருந்திவிட்டது, எங்களுக்குள் போன் பேச்சும் ஆரம்பித்துவிட்டது. உமாவின் அப்பா மட்டும் 'சரி' என்று சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். சாலைக் கடைத்தெருவில் மொத்த மிளகாய் வியாபாரம் செய்கிறவர். ஆளும் சரக்குக்கு ஏற்ற மாதிரியே இருப்பார். ஒருநாள் அவரே போனில் கூப்பிட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை நான் முடி வெட்டப் போறேன். நீங்களும் வாங்க. மாத்துத்துணி எடுத்துக்கிடுங்க. நம்ம வீட்டுல குளிச்சு, சாப்பிட்டுட்டுப் போலாம்."

ஆகா, மனுஷர் இளகிவிட்டார் என்று துள்ளிக்கொண்டு உமாவிடம் சொன்னேன்.

"அய்யோ, அது பரீட்சையாக்கும், கேட்டோ!" என்று அலறினாள். "முன்னாடி வந்த ஒருத்தன் ஹோட்டல்ல சப்ளையருக்கு ஒண்ணுமே வைக்கல. அப்பா வேண்டாம்னுட்டாரு. அடுத்து வந்தவன் ஐநூறு ரூபா வச்சான். குடும்பத்தைத் தெருவுல நிறுத்திருவான்னு அவனையும் வேண்டாம்னுட்டாரு."

"அப்போ எவ்வளவுதான் வைக்கணும்?"

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா? எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. சொதப்பிராதீங்க."

பிடிச்சிருக்கு என்று அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் பறந்திருக்கவேண்டியவன், பயத்தில் சோறு இறங்காமல் கிடந்தேன். உமா எனக்கு வேண்டும். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு டிப்ஸ் நிற்கிறது!

கிள்ளிப்பாலம் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஏ.சி. சலூன். உள்ளே நுழைந்ததும் மாமா கவுண்டரில் போனை நீட்டி இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பில்லு முடிஞ்சு. மத்தது உங்க இஷ்டம்," என்றார். அந்த 'மத்தது' என்ற சொல்லில் என் காது இரண்டும் குப்பென்று சூடாகிவிட்டன.

பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் தலைக்கு ஷிபு என்ற இளைஞன் வந்தான். என் கண்ணாடியைக் கழற்றி மேடையில் வைத்தான். அதோடு உலகம் போயிற்று. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எருமையும் ஆட்டோவும் ஒன்றுதான். பக்கத்தில் மாமா வெள்ளையாகக் கலங்கித் தெரிந்தார். அந்தக் கலங்கல் என்னையே பார்க்கிறதா, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறதா? தெரியவில்லை.

பர்சில் ஒரு ஐநூறு, ஒரு நூறு, ஒரு பத்து. ஐநூறு கொடுத்தவன் கதி தெரியும். பத்தைக் கொடுத்தால் ஷிபுவே என்னை வெளியே தள்ளுவான். ஆக நூறு. ஆனால் நூறு மாமாவுக்குக் கூடுதலாகப் பட்டால்? குறைவாகப் பட்டால்?

"சேட்டா, சைடு நல்லா குறைக்கட்டே?" என்றான் ஷிபு.

"ஆயிக்கோட்டே."

"மேல நிக்கிற மாதிரி ஆக்கட்டே?"

"ஆயிக்கோட்டே." (தலையை எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாலும் 'ஆகட்டும்' என்றுதான் சொல்லியிருப்பேன்.)

அப்போதுதான் மூளை வேலை செய்தது. மாமா கண்ணில் படாமல் கொடுத்துவிட்டால்? எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. கொடுத்தேனா என்று கேட்டால், கொடுத்தாயிற்று என்று அடக்கமாகச் சொல்லலாம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, போர்த்தியிருந்த துணிக்கு அடியில் நூறு ரூபாயை எடுத்துச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

வெட்டி முடித்துத் தலை கழுவப் பின்னால் கூட்டிப்போனான். சாய்ந்து படுக்கவைத்து ஷாம்பு போட்டான். நுரை வழிந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த நேரம் வலதுபக்கம் ஒரு கை வந்து என் விரல்களைத் தொட்டது. இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது! நோட்டை அந்தக் கையில் வைத்து, அதன் விரல்களை நானே மடக்கிவிட்டு, மெதுவாகச் சொன்னேன்.

"வச்சுக்கோ. அங்கே இருக்கிற கிழவன் அறியவேண்டா."

கை கொஞ்சநேரம் அசையவில்லை. பிறகு என் மடியில் என் மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்டுப் போயிற்று. அடடா, நூறு ரூபாய்க்கு உடனே என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். தலையில் இரண்டு கை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இந்த மூன்றாவது கை யாருடையது என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை (அக்கவுண்டன்ட்!).

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகம் பார்த்தேன். காதுக்கு மேலே மொட்டை, உச்சியில் தேங்காய்க் குடுமி சிலுப்பிக்கொண்டு நின்றது. ஆனாலும் கவலைப்படவில்லை, பரீட்சையில் தேறிவிட்டேனே. ஷிபு கழுத்தைத் தட்டிவிட்டான், சட்டையைத் தட்டிவிட்டான், கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றான். நான் அவனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு ராஜா மாதிரி வெளியே வந்தேன். பையன் முகம் சுருங்கிப்போயிற்று.

காரில் மாமா சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பையனுக்கு ஒண்ணும் கொடுக்கலியோ?"

"கொடுத்தாச்சு மாமா," என்றேன், ஒத்திகை பார்த்த அடக்கத்தோடு. "நாலுபேர் பார்க்கக் கொடுத்தா அது பெருமைக்குக் கொடுக்கிற மாதிரி ஆயிரும், இல்லியா?"

அவர் உள்ளங்கையை விரித்தார். ஈரத்தில் நனைந்த என் நூறு ரூபாய்.

"கண்ணாடியை மறந்துட்டீங்களேன்னு எடுத்துட்டு வந்தேன்," என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று பார்த்தேன். கிள்ளிப்பாலத்தில் ரோடு போட்டவர்கள் கெட்டியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

"போய் அந்தப் பையனுக்குக் கொடுத்துட்டு வாங்க," என்றார் மாமா. நூறு ரூபாயை மட்டும் திருப்பித் தரவில்லை. மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மிச்சம் ஐநூறும் பத்தும்! ஓடிப்போய் ஐநூறைக் கொடுத்தேன். வேறு வழி? ஷிபு வாசல்வரை ஓடிவந்து, தெருவே கேட்கிற மாதிரி, "ஐநூறோ! தேங்க்ஸ் சேட்டா!" என்று கும்பிட்டான். காரிலிருந்து மாமா பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினார். நானும் உமாவை மனதுக்குள் வழியனுப்பிவிட்டேன்.

முடி வெட்டிக்கொண்டு வந்தவன் முன்வாசல் வழியாக நுழையக்கூடாதல்லவா, பின்பக்கக் குளியலறைக்கு என்னை நேராக அனுப்பிவிட்டார்கள். அதை எனக்கு விட்டுவிட்டு மாமா கொல்லைக் குழாயடியில் குளித்தார். பக்கத்தில்தான் அடுக்களை. முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டு சொம்பை எடுத்தபோது மாமியின் குரல் கேட்டது.

"என்ன ஆச்சு? பையன் எப்படி?"

நான் சொம்பைப் பிடித்தபடியே நின்றேன்.

"எங்கையில நூறு ரூபா வச்சு அமுக்கினான்," என்றார் மாமா. "என்னைக் கிழவன்னான். பின்னே அந்தப் பையனுக்கு ஐநூறு கொடுத்தான்."

"அய்யய்யோ! அப்போ இவனும் வேண்டாமா?"

அடுக்களையில் உமாவின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. சோப்பு கண்ணை எரித்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றார் மாமா. "இதுவரைக்கும் வந்தவன் எல்லாம் எத்தனை பவுன் போடுவீங்க, கடை யாரு பேர்லன்னு எங்கிட்டக் கேட்டான். எங்கையில காசு வச்ச மாப்பிள்ளை இவன் ஒருத்தன்தான். இவனை விடப்படாது, கேட்டியா!"

முதலில் சிரித்தது உமா. மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். நான் குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணத்தில் பவுன் பேச்சே எழவில்லை. எப்படி எழும்? எங்கள் வீட்டில் வரதட்சணை வாங்கினவர் மாமனாரல்லவா! சொந்தத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தியில் பாயசம் விளம்புவதில்லை. வீட்டிலாவது நிம்மதி உண்டா? ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று நான் வாயைத் திறந்தால் போதும், உமா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்:

"நீங்க எங்கப்பாவுக்குக் கொடுத்த நூறு ரூபாய்க்கு இவ்வளவுதான் வரும்."