ரப்பர் காலிலிருந்து இறங்கிய காட்மியம்

முலாம் பட்டறையின் உணவுக்கூடத்தில் அன்று உணவுக்கு இடமில்லை. மேசைகளை ஓரங்கட்டி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, அதன் பின்னால் பாத மகான் எழுந்தருளியிருந்தார். உடம்பில் ஊறிய காட்மியம், ஈயம், பாதரசம் ஆகிய அனைத்தையும் உள்ளங்கால் வழியாக இறக்கிவிடும் பேராற்றல் அவருடையது. வந்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். காலையும் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டால்தான் அவருக்கு எல்லாம் தெரியும்.

முறை எளிது. வெந்நீர், ஒரு கை உப்பு, இரண்டு இரும்புக் கம்பிகள், ஷாக் அடிக்காத அளவு மின்சாரம். கால் வைத்த கால்மணி நேரத்தில் தண்ணீர் தேநீராகும். சற்றுப் பொறுத்தால் கஷாயமாகும். கறுப்பு கூடக்கூடப் பெருமையும் கூடியது.

"உன்னுதைவிட எனக்குத்தான்டா கறுப்பு!"

"போடா, என்னுதுல நுரையே வந்துச்சு!"

வளர்ந்த ஆண்கள் தத்தம் விஷத்தை ஒப்பிட்டு மகிழ்ந்தார்கள்.

செலவு முழுவதும் முதலாளியுடையது. அவருக்கு இத்தனை தாராளம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தவள் பாக்கிங் பிரிவு அக்கா ஒருத்திதான். முலாம் தொட்டியருகே வேலை செய்யும் அவள் தம்பிக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. "காட்மியம் உள்ளே குடியேறிட்டா லேசுல காலி பண்ணாதும்மா. இனிமே உள்ளே போகாம பாருங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால்தான் புகையை வெளியேற்றும் விசிறி கேட்டுத் தொழிலாளர்கள் கொடி பிடித்தார்கள். முதலாளி விசிறியின் விலையைப் பார்த்தார், மகானின் விலையையும் பார்த்தார், பக்தரானார்.

"சாயங்காலம் கேட்பேன். ஃபேன் வேணுங்கிறவங்க கை தூக்குங்க. பாதிப் பேராவது தூக்கினாத்தான் வாங்குவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கூடத்தின் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

தம்பியோ சொக்கிப்போயிருந்தான். "அக்கா, என் தண்ணியப் பார்த்தியா? தார் மாதிரி! இனிமே ஃபேன் எதுக்கு?"

"மூக்கு வழியா போனது கால் வழியா வர, நீ என்ன குழாயாடா?"

"மகானே சொல்றாரு!"

"மகான் வீட்டுக்குப் போயிடுவாரு. முலாம் தொட்டிகிட்ட நிக்கப்போறது நீதான்."

அக்கா வாதத்தை நிறுத்தினாள், கணவரை அழைத்தாள். வாசல் காவலாளியான அவருக்கு இடக்கால், முழங்காலுக்குக் கீழே ரப்பர். விரல், நகம் எல்லாம் அச்சு அசல். பட்டறை முழுவதும் அறிந்த இச்செய்தியை மகானின் ஞானக்கண் மட்டும் அறியவில்லை.

"என்னங்க, அந்தக் காலை மட்டும் வைங்க."

"நனைச்சா நாறும்டி."

"துடைச்சுக்கலாம். சும்மா வாயை மூடிட்டு உட்காருங்க."

ரப்பர் கால் நீராடியது. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. தண்ணீர் பழுப்பாயிற்று. மூடிய கண்களை மெல்லத் திறந்து தண்ணீரைப் பார்த்த மகான் உருகினார்.

"அடடா! முப்பது வருஷ விஷம்! சின்ன வயசுல சாக்கடையில விளையாடின காலுப்பா இது. இப்போ குளுகுளுன்னு இருக்குமே?"

"ஒண்ணும் தெரியலையே, சாமி."

"எப்படித் தெரியும்? விஷம் மரத்துப்போக வச்சிருக்கு!"

காவலாளி வாரை அவிழ்த்தார். காலைக் கழற்றி, சொட்டச் சொட்ட மகானின் மடியில் வைத்தார். "மரத்துப்போகல, சாமி. ரப்பரு. போன வருஷம்தான் வாங்கினேன்."

கூடம் அதிரச் சிரித்தது. மகான் சளைக்கவில்லை. "ரப்பருக்கும் காத்துலேருந்து விஷம் ஏறும்!"

"ஏறட்டும்" என்றாள் அக்கா. தண்ணீரைக் கொட்டினாள். புது வெந்நீர், அதே உப்பு, அதே கம்பிகள். சுவிட்சைப் போட்டாள். தொட்டியில் கால் இல்லை, ரப்பரும் இல்லை. தண்ணீர் முன்போலவே, சற்றும் வெட்கமின்றிக் கறுத்தது.

சுவிட்சை அணைத்துவிட்டு, கம்பிகளை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள். அவன் விரலெல்லாம் துரு.

"இரும்புதான்டா கரைஞ்சு வருது. உன் விஷம் உனக்குள்ளேயே பத்திரமா இருக்கு."

தம்பியின் முகம் வெளுத்தது. கம்பிகளைத் தொட்டிக்குள் எறிந்தான். பிறகு கையை உயர்த்தினான். "முதலாளி, சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? ஃபேன் வேணும்."

ஈரக்கால்களோடு நின்ற அத்தனை பேரும் கை தூக்கினார்கள். மகான் செருப்பைத் தூக்கினார், மாட்டிக்கொள்ள நேரமில்லை.

விசிறி வந்தது. சுழலத் தொடங்கியதும் நாலைந்து பேர் அதன் முன்னே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எழுந்திருங்கய்யா! இது புகையைத்தான் வெளியே தள்ளும். மண்டையில இருக்கிற மூடத்தனத்தை நீங்களேதான் யோசிச்சுத் தள்ளணும்!"