உறைக்குள் இருந்த கொலையாளி

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்தபடி ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை தெய்வநாயகத்தின் பிணம் இருக்க வேண்டும்.

தெய்வநாயகம் எனக்கு உறவில்லை. 'பனங்குளம் பங்களா' என்ற டிவி நாடகத்தில் முதல் வாரமே கத்திக்குத்துப்பட்டுச் செத்த பணக்காரர். உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையில் செத்தார். அவரைக் கொன்றது யார் என்று நானூற்றுச் சொச்சம் நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தாரம், டிரைவர், டாக்டர், சமையல்காரி என்று வரிசையாக எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள்.

தேடியது போலீஸ் மட்டுமில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே பெரிய டிவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஆறரை மணிக்கு என் மனைவி நேசராணி அதைப் போடுவாள். அடுத்த காம்பரா வீட்டிலிருந்து பெரியாயி அக்கா வருவார். நாற்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். எதிர் லயத்திலிருந்து ஜெசீகா வருவாள். பதுளையில் தையல் வேலை செய்கிற பிள்ளை. மூன்று பேருக்கும் நடுவீடு. எனக்கு வாசல்படி.

நாடகம் அரை மணி நேரம். அதைப் பற்றிய பேச்சு ஒன்றரை மணி நேரம். ரொட்டி அதற்கும் பிறகு.

பதுளையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் டைப் அடிக்கிறவன் நான். மாணிக்கராஜ் என்றால் அந்தத் தெருவில் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகக் கோர்ட்டுக்குச் சத்தியக் கடதாசி அடித்து அடித்து, பொய் எந்த வரியில் படுத்திருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அதனால் படியில் இருந்தாலும் சும்மா இருக்க முடிவதில்லை.

"நெஞ்சுல கத்தி இறங்கின மனுசன் நாலு நாள் பேசிட்டுத்தான் செத்தான். இது நடக்குமா?" என்றேன்.

"பேச வேண்டியது இருந்துச்சு, பேசினாரு," என்றார் பெரியாயி அக்கா.

"இன்ஸ்பெக்டர் கைரேகைய வெறுங்கண்ணால பாத்துட்டு, இது பொம்பள கைன்னு சொல்றாரு."

"நல்ல கண்ணு அண்ணே அவருக்கு. ஒங்கள மாதிரி கண்ணாடி போடல," என்றாள் ஜெசீகா.

"அந்த ரெண்டாந்தாரம் தூங்குறப்பகூட அட்டியல் போட்டிருக்கா."

"கழட்டி வச்சா டிரைவர் எடுத்துருவான். அவன் மேல சந்தேகம் இருக்குல்ல?" என்றாள் நேசராணி.

எந்த ஓட்டையைக் காட்டினாலும் நொடியில் அடைத்துவிடுவார்கள். எங்கள் கூரைத் தகரத்துக்கு இப்படி மூன்று பேர் கிடைத்தால் மழைக்காலத்தில் சட்டி வைக்க வேண்டியதில்லை.

"கதைன்னா நம்புற மாதிரி இருக்கணும், நேசம்."

"நம்புற மாதிரி வேணும்னா செய்தி பாக்கலாம்." கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் முடியாது."

அப்போதுதான் என் திட்டத்தை அவிழ்த்துவிட்டேன். புதன்கிழமை கடைசிப் பாகம். கொலையாளி யாரென்று நான் முன்கூட்டியே சொல்கிறேன். சரியாக இருந்தால், அடுத்த நாடகத்துக்கு மகளிர் சபை ஜெசீகா வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"தப்பா இருந்தா?" என்றாள் நேசராணி.

"நீ சொல்லு."

"அடுத்த நாடகம் முடியிற வரைக்கும் எங்க எல்லாருக்கும் நீங்கதான் ரொட்டி சுடணும். தேங்காச் சம்பலும் நீங்கதான்."

"சரி."

"வாயால சொன்னா ஆகாது. எழுதி, உறையில போட்டு ஒட்டிக் குடுக்கணும். பெரியாயி அக்காகிட்ட இருக்கட்டும். கொலைகாரனை நீங்க யோசிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். கள்ளம் பண்ணினா தோத்த மாதிரி."

என்னிடமே சட்டம் பேசுகிறாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். இந்த நாடகம் இந்தியாவில் ஓடி மூன்று நாள் கழித்துத்தான் நம் டிவிக்கு வரும். கடைசிப் பாகம் அங்கே ஞாயிற்றுக்கிழமையே ஓடிவிடும். போனில் தேடினால் கிடைக்கும். பாவம், பெண்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

திங்கட்கிழமை மத்தியானம், பைல் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பார்த்து முடித்தபோது சோறு இறங்கவில்லை. கொன்றது தெய்வநாயகத்தின் இரட்டைத் தம்பியாம். பிறந்தவுடனே கிணற்றில் விழுந்து செத்துப்போனதாக ஊர் நம்பிய பிள்ளையாம். நானூறு நாளில் ஒரு நாள்கூட அவனைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கடைசி ஐந்து நிமிஷத்தில் வந்து நின்று பேர் சொல்கிறான். புகைபோக்கி வழியாக அறைக்குள் இறங்கினானாம். குளிரடிக்கிற பண்டாரவளையில் தோட்டத்துத் துரை பங்களாவுக்குப் புகைபோக்கி இருந்தால் நியாயம். வெயில் கொளுத்துகிற பனங்குளத்தில் எதற்கு?

இருந்தாலும் என் வெற்றி முக்கியம். அலுவலகக் கடதாசியில் அழகாக டைப் அடித்தேன்: "கொலை செய்தவர், இறந்தவரின் இரட்டைச் சகோதரர்." உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நேசராணி உறையை வாங்கவில்லை.

"பேரு எழுதியிருக்கீங்களா?"

"பேரு எதுக்கு? ஆள் யாருன்னு போட்டிருக்கேன்."

"ஒங்க ஆபிசுல பேரில்லாத கடதாசிய எடுப்பாங்களா? முழுப்பேர் இல்லாட்டி செல்லாதுங்க. அங்க அடையாளமும் இருந்தா நல்லது."

இருபத்திரண்டு வருஷத் தொழில். பேர் இல்லாத கடதாசி என்று ஒருவர் சொன்னால் என் கை தானாகப் பேனாவை எடுக்கும். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டைப் அடித்த வரிக்குக் கீழே எழுதினேன்: "பனங்குளம் கருணைநாயகம். இடது கையில் ஆறு விரல்." உறையை ஒட்டினேன். பெரியாயி அக்கா அதைத் தன் வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை வந்தது. அன்று எனக்கும் நடுவீட்டில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். புகைபோக்கி வந்தது. கரி பூசிய முகம் வந்தது. ஆறு விரல் வந்தது. ஆச்சரியப்பட வேண்டிய இடங்களில் எல்லாம் நான் ஆச்சரியப்பட்டேன். நடிப்பில் அந்த நாடகத்தில் எல்லோரும் என்னைவிடக் குறைவாகத்தான் இருந்தார்கள்.

முடிந்ததும் ஜெசீகா உறையைக் கிழித்துச் சத்தமாக வாசித்தாள். நான் மீசையைத் தடவினேன்.

"அச்சொட்டா இருக்கே அண்ணே. எப்புடிக் கண்டுபிடிச்சீங்க?"

"யோசனைதான். பூட்டின அறை. வெளியாள் வர முடியாது. அப்ப குடும்பத்து ஆள்தான்."

"குடும்பத்து ஆள்னு நானூறு நாளா யாரும் தம்பிய சொல்லலியே தம்பி," என்றார் பெரியாயி அக்கா.

"சொல்லாததுனாலதான் சந்தேகம் வந்துச்சு, அக்கா."

"பேரு?" என்றாள் நேசராணி.

"அண்ணன் தெய்வநாயகம்னா தம்பி கருணைநாயகமாத்தானே இருக்கும்?"

"ஏன், குணநாயகமா இருக்கக் கூடாதா? செல்வநாயகமா இருக்கக் கூடாதா?"

"அது ஒரு ஊகம்."

"ஆறாவது விரலு?"

"அதுவும் ஊகம்."

"எடது கை?"

நான் தண்ணீர் கேட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, நானூறு நாளா என்ன சொன்னீங்க? நம்புற மாதிரி இருக்கணும்னீங்க. செத்தவன் நாலு நாள் பேசினதக்கூட நான் நம்பிருவேன். நீங்க யோசிச்சு ஆறு விரல் கண்டுபிடிச்சீங்கன்னு எப்புடி நம்புறது?"

பெரியாயி அக்கா வெற்றிலையை மென்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார். "கள்ளம்தான் தம்பி. மாவைக் கொழைங்க."

எனக்கு வழக்கு தெரியும். அவளுக்கு என் வழக்கம் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினேன். தேங்காய் துருவினேன். நடுவீட்டில் அடுத்த நாடகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு ஞாபகம் போய்விடுகிறதாம். ஜெசீகா விசாரித்த வரையில் எப்படியும் எண்ணூறு பாகம் வருமாம். என் முதல் ரொட்டி கல்லில் ஒட்டிக்கொண்டது. நேசராணி உள்ளே வந்து, அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"நேசம், அந்தப் பேர எழுதச் சொன்னியே, வேணும்னுதான் சொன்னியா?"

"பின்ன? ஞாயித்துக்கிழமை நீங்க மரக்கறி வாங்க டவுனுக்குப் போனப்பவே, ஜெசீகா போன்ல நாங்க மூணு பேரும் கடைசிப் பாகத்தப் பாத்துட்டோம்."

மாவுக் கையோடு அவள் பக்கம் திரும்பினேன்.

"பாத்துட்டீங்கன்னா, இன்னைக்கு எதுக்கு மறுபடி கண்ணக் கொட்டாம உக்காந்து பாத்தீங்க?"

"நாடகத்த யாருங்க பாத்தா?" என்றாள் நேசராணி, அடுத்த உருண்டையை என் பக்கம் நகர்த்தியபடி. "நாங்க மூணு பேரும் ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்."