ஏழாம் பாத்தி காயாத காரணம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, மாமனார் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு ரிட்டயர்டு டைப்பிஸ்ட் அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே ஆராய்ச்சி நிலையக் குவார்ட்டர்ஸில் நீங்களும் என் மகளும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை டைப்பிஸ்ட் அம்மா இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். மழை குறைந்தால் எந்தச் செடி நிற்கும், எது போகும் என்று பார்க்கப் போட்ட பாத்திகளில், மூன்றுக்குக் கூரை போட்டுப் பாதி மழையைத் தடுத்தோம். அந்த மூன்றில், நாலாவதிலும் பத்தாவதிலும் பத்தொன்பது வகை ஒன்பதாகிவிட்டது, ஏழாவதில் மட்டும் பதினெட்டு நிற்கிறது, அடுத்த மாதம் பெரிய கூட்டத்தில் ‘பழகிவிட்டால் செடிகளுக்குப் பாதி மழையே போதும்’ என்று பேசப் போவதாக எழுதி, முப்பது வருஷம் அங்கே காவல் இருந்த என்னிடம், ஏழாவதில் வித்தியாசமாக ஏதும் நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர, மறதி கிடையாது.

அந்தக் கூரைகளைப் போட்டது, ஆற்றுப் பாலம் நடுவில் உள்வாங்கிய வருஷம். அதே வருஷம்தான் தபால்காரர் மூன்றாம் முறை கல்யாணம் செய்துகொண்டார், பெண் வீட்டார் பாலத்தைச் சாக்குச் சொல்லி வராமலே இருந்துவிட்டார்கள். கூரை போட்ட பதினோராம் நாள் அடித்த காற்றில் ஏழாவதன் தகடு பறந்து போய்க் கேண்டீன் மேல் விழுந்தது, திரும்ப மாட்ட நாற்பது நாள் ஆயிற்று, அந்த நாற்பது நாளும் நல்ல மழை. மாட்டிய பிறகாவது ஒழுங்காக இருந்ததா என்றால், மேட்டில் நிறுத்தி ஜீப்பைக் கழுவ ஆரம்பித்தார் டிரைவர், அழுக்குத் தண்ணீர் நேராக ஏழாவதுக்குப் போனது. ‘கீழே ஆராய்ச்சி நடக்குது, இங்கயா கழுவுவே?’ என்றேன். ‘ஆராய்ச்சி நடந்தா நடக்கட்டும்ணே, ஜீப்பும் ஓடணும்ல?’ என்றார். அவரை ஒருவழியாக நகர்த்தினால் சமையற்காரர். அவருடைய ஜன்னல் திறப்பதே ஏழாவதைப் பார்த்துத்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரில் சோப்பில்லாத முதல் தண்ணீரை மட்டும் தனியாக எடுத்து ஊற்றுவார். ‘பக்கத்துல எல்லாம் குடிக்குது, இது மட்டும் வாயைப் பாத்துக்கிட்டு நிக்குதுண்ணே, எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது’ என்பார். பெரிய புரொபசரிடம் சொல்லலாம் என்று போனால், அவரே பாத்தி ஓரத்தில் நின்றுகொண்டு மிச்சக் காப்பியை ஏழாவதில் கொட்டிக்கொண்டிருந்தார். தினமும் கொட்டுவார், கொட்டியதை நோட்டில் எழுத மாட்டார்.

ஒரு நாள் எண்ணி முடித்துவிட்டு என்னிடம், ‘ஏழுக்கு மட்டும் என்னய்யா வந்துச்சு?’ என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்வது. ‘பிடிவாதமான செடிங்க போலங்க’ என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதுதான் இன்று உங்கள் கட்டுரையில் வாயில் நுழையாத பெயரோடு வருகிறது என்கிறார்கள் டைப்பிஸ்ட் அம்மா.

டிரைவர் போய் ஒன்பது வருஷம், சமையற்காரர் போய் ஆறு, புரொபசர் போய் நாலு. செத்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அவர்கள் ஊற்றியதும் கொசுறுதான். ஆகவே மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் தைரியமாகப் போய்ப் பேசுங்கள். உங்களுக்கும் மகளுக்கும் நீண்ட ஆயுளும், குறையாத பற்களும், தட்டாத முழங்கால்களும் கிடைக்கட்டும். இப்படிக்கு, கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்.

பின்குறிப்பு: விரலில் மை தடவும்போது டைப்பிஸ்ட் அம்மா, ‘எல்லாரும் போயாச்சு, அப்போ இந்த நாலு வருஷமா ஏழாவது எப்படிங்க பச்சையா இருக்கு?’ என்று கேட்டார்கள்.  ‘பாதி மழை போதும்னு உங்க மாப்பிள்ளை மேடையில சொல்லிட்டா, கேட்டவங்க மீதி மழையைப் பத்திக் கவலைப்படுவாங்களா?’ என்று அடுத்ததையும் கேட்டார்கள். அதனால்தான் இந்தப் பின்குறிப்பு. நாலாவதில் ஊதாப்பூ கடைசியாகப் பூத்த நாளும், பத்தாவதில் ஒட்டுமுள் செடி பட்டுப்போன நாளும் எனக்குத் தெரியும். அந்த இரண்டு பாத்தியும் சொல்வதுதான் நிஜம். மேலே எழுதிய தைரியத்தைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

நீங்கள் முதன்முதலில் செடி எண்ண வந்து வெயிலில் தள்ளாடி நின்ற அன்று, ஒருத்தி செம்பும் தண்ணீருமாக வந்தாள். வாங்கி ஒரே மூச்சில் குடித்தீர்கள். ‘கேக்காமலே கொண்டு வந்து குடுத்தாங்க, அந்த மனசு யாருக்கு வரும்?’ என்று சொல்லித்தான் பெண் கேட்டீர்கள். அது ஏழாவதுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மாப்பிள்ளை. எட்டு வயதில் ஆரம்பித்த பழக்கம். என்னை ஆடு மாட்டைத்தான் தடுக்கச் சொன்னார்கள், அவளைத் தடுக்கச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் வந்த அன்று சாயங்காலமும் ‘சும்மா நடந்துட்டு வரேன்’ என்று பாட்டிலோடு கிளம்புவாள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். கோபிக்க வேண்டாம். ஏழாவதுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான், என் மகள்.