கடலுக்குள்ளிருந்து ஒரு பிளிறல்

எந்த மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்ற சந்தேகம் வந்தால் போடிநாயக்கனூரில் இன்றும் என்னைத்தான் தேடி வருவார்கள். தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றேனே தவிர, நடைமுறைகளிலிருந்து ஓய்வு பெறவில்லை. அப்படிப்பட்ட நான்தான் பிரான்சில் ஓர் ஓட்டலையே காலி செய்யவைத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பாரிசில் வேலை பார்க்கும் மகள், எங்களை ஒரு சிறிய கடற்கரை ஊரில் தங்கவைத்துவிட்டு, "சனிக்கிழமை நானும் வந்துர்றேன்" என்று போய்விட்டாள். ஓட்டல் சாதாரணமானதுதான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். ஆனால் கதவைத் திறந்தால் தெரு, தெருவைத் தாண்டினால் கடல். சீசன் முடிந்து எல்லா ஜன்னல்களிலும் மரக்கதவு சாத்தியிருந்தது. (நம்மூரில் ஒரு தெரு இப்படிக் கிடந்தால் எந்த வீட்டில் துட்டி, யார் செத்தது என்று கேட்டிருப்பேன்.)

மத்தியானம் என் மனைவி தனம் செருப்பை மாட்டினாள்.

"கடலை ஒரு எட்டு பாத்துட்டு வர்றேங்க."

"தனியாவா? வழி தவறினா நின்ன இடத்துலயே நிக்கணும். அதுதான் நடைமுறை."

"ரோட்டைத் தாண்டுறதுக்கு என்னங்க நடைமுறை? வெரசா வந்துருவேன்."

அவளுடைய போன் கட்டிலிலேயே கிடந்தது.

அவள் போன சிறிது நேரத்தில் பனிமூட்டம் வந்தது. எங்கள் ஊருக்கு மேலே குரங்கணியில் மூட்டம் மலையிலிருந்து இறங்கும், பார்த்துப் பழக்கம். இது கடலிலிருந்து எழுந்து, ஓசையில்லாமல் தெருவுக்கு வந்து, பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டது. பிறகு விளக்குக் கம்பத்தை. கடைசியில் அலைச் சத்தத்தையும்.

கீழே ஓடினேன். வரவேற்பு மேசையில் யாரும் இல்லை. வாசலில் நின்று "தனம்!" என்று கூப்பிட்டேன். குரல் பஞ்சுக்குள் விழுந்த மாதிரி போய்விட்டது. திரும்பிப் படியேறும்போது நடைவழி விளக்கு தானாக அணைந்தது. அந்த இருட்டில்தான் அது கேட்டது. கடல் பக்கமிருந்து, அடிவயிற்றிலிருந்து எழும் நீண்ட பிளிறல். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும்.

தனம் எங்கள் பக்கத்து மலையடிவார ஊரான தேவாரத்துக்காரி. கல்யாணமான புதிதில் அவர்கள் தோட்டத்தில் யானை இறங்கியபோது மாமனார் என் கையில் ஒரு தட்டைத் திணித்து, "மாப்ளே, யோசிக்காதீங்க, தட்டுங்க!" என்றார். அந்தப் பிளிறல் அன்றே எனக்குள் தங்கிவிட்டது. கடலில் யானைக்கு என்ன சோலி என்று படித்த மூளை கேட்டது. யானை இல்லையென்றால் அதைவிட மோசமானது என்று கைகள் பதில் சொல்லின.

பையில் எங்கள் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் இருந்தன. லுங்கியும் குரங்குக் குல்லாவுமாக ஜன்னலில் நின்று, "ஹோய்! ஹோய்! போ!" என்று தட்ட ஆரம்பித்தேன்.

ஓட்டல்காரம்மா தீ என்று நினைத்துவிட்டார். அபாயமணி அலறியது. காலி என்று நான் நினைத்திருந்த அறைகளிலிருந்து நாயோடு ஒரு கிழவர், தலையில் துண்டோடு ஒரு பெண் என்று எல்லாரும் இறங்கி, தெருவில் வரிசையாக நின்றார்கள். (ஒரு நடைமுறை முழுமையாகப் பின்பற்றப்பட்டதை வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.) மூட்டத்தில் முகங்கள் மட்டும் மிதந்தன. எல்லாம் என்னைப் பார்த்தபடி. நான் நிறுத்தவில்லை.

அந்த முகங்களுக்கு நடுவில் இன்னொரு முகம் வந்தது. தனம். இடுப்புவரை நனைந்திருந்தாள்.

"ஏங்க, போதும், வந்துட்டேன்!"

பிளிறியது, மூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்கும் சங்கு என்று மகள் போனில் விளக்கினாள். ஓட்டல்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டவளும் அவளே. "எங்கப்பா கவர்மெண்ட்ல இருந்தவரு" என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொன்னாளோ.

இப்போது மகள் லீவில் வந்து, வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "அப்பா, யானையை எந்த பீச்சுல விரட்டுனீங்க?" என்று ஆரம்பித்துவிடுவாள். தனமும் சேர்ந்து சிரிப்பாள். திசை தெரியாமல் தண்ணீருக்குள் இறங்கியதையும், தேவாரத்துத் தட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பியதையும் அவளே நடித்துக் காட்டுவாள்.

அன்று அறையில், மூட்டத்தில் ஈரமான தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னதை மட்டும் சொல்லமாட்டாள்.

"பக்கத்துலயே ஒண்ணு மூச்சு விட்டுக்கிட்டு கூடவே வந்துச்சுங்க. நீங்க தட்டவும் நின்னுருச்சு."

"அந்தக் கிழவரோட நாயா இருக்கும்."

"நாய்தான் ஓட்டலுக்குள்ள இருந்துச்சே."

இப்போதெல்லாம் குரங்கணிக்கு ஜீப்பில் போனால்கூட அந்தத் தட்டு பையில் இருக்கும். எடுத்து வைப்பவள் அவள்தான்.