சாவிப்படை ஹிட்டா, ப்ளாப்பா?

எனக்கும் பக்கத்து வூட்டு இளவரசனுக்கும் சண்டை வந்தது ஒரு பொம்மையால். நிலத்தால் வந்திருந்தால் வாய்தா வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இது தகரப் பொம்மை. எந்தக் கோர்ட்டும் எடுத்துக்கொள்ளாது.

'சாவிப்படை' என்று ஒரு வெளிநாட்டுப் படம், தமிழ் பேசிக்கொண்டு கள்ளக்குறிச்சித் தியேட்டருக்கு வந்தது. சாவி கொடுத்தால் ஓடும் தகரப் பொம்மைகளை ஒரு பாவி குடோனில் போட்டுப் பூட்டிவிடுகிறான். அவை கோபுர உயரத்துக்கு வளர்ந்து ஊரையே பெயர்த்துப் போட்டுவிடுகின்றன. இதுதான் கதை. மேளம் அடிக்கும் தகரக் குரங்குக்கு முதுகுச் சாவி உடைந்த இடத்தில் நான் அழுதேன். நான் கண்ணாயிரம். மணலூர்பேட்டை பக்கம் கரும்பு போடுகிறவன். ஆலைக்காரன் கரும்பை மறுத்தபோதுகூட அழாதவன்.

இளவரசன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அதைவிட முக்கியம், ஒரு பெரிய நடிகரின் ரசிகர் மன்றத் தலைவர். அந்த நடிகர் படத்தைத் தூக்கிவிட்டுத்தான் தியேட்டரில் இந்தத் தகரத்தைப் போட்டார்கள். அதனால் படம் பார்ப்பதற்கு முன்பே அவருக்கு அது ப்ளாப்பு. பார்த்த பிறகும் ப்ளாப்பு. நடுவில் எனக்கு ஹிட்டு.

டீக்கடையில் வாதம் நடந்தது. அவர் போனில் வந்த செய்தியில் படம் படுத்துவிட்டது. என் போனில் படம் பறந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி சிம். வசூல் இருக்கிறது, ஆனால் செலவு அதைவிட ஜாஸ்தி என்றார். அவருடைய தலைவர் படத்துக்குச் செலவும் இல்லை, வசூலும் இல்லை, அதனால் கணக்கு சரியாக இருக்கிறது என்றேன். டீக்கடையே சிரித்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மொத வாரமே கூட்டம் கம்மி. அப்பறம் இன்னா ஹிட்டு?" என்றார்.

"கரும்பு நட்ட வாரமே வெட்டி ஆலைக்கு அனுப்புவியா நீ? முழுசா ஓடி முடியட்டும். அதுக்கப்பறம் பேசு" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே நல்ல உவமை அது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பந்தயம் வந்தது. தோற்றவன் மீசை எடுக்கலாமா என்று யோசித்தோம். மீசை முளைத்துவிடும். மொட்டை என்றால் திருப்பதி போய்வந்தான் என்று மரியாதை கூடிவிடும். கடைசியில் இளவரசன்தான் சொன்னார். தோற்றவன் தன் வூட்டில் ஒரு மாதம் சமைக்க வேண்டும். கடையில் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். அதைவிடக் கேவலமான தண்டனை அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் இதை நிர்மலாவிடம் சொன்னேன். என் மனைவி அதிகம் பேசமாட்டாள். "கேவலமாங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யார் தீர்ப்புச் சொல்வது என்பதில் சிக்கல் வந்தது. டீக்கடையில் இருந்தவர்களில் பாதிப்பேர் என் கட்சி, பாதிப்பேர் அவர் கட்சி. என் மனைவியும் அவர் மனைவி ராதிகாவும் சேர்ந்து சொல்லட்டும் என்று இளவரசன் யோசனை சொன்னார். உடனே ஒத்துக்கொண்டேன். தீர்ப்பு எதுவானாலும் கட்டுப்படுவோம் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னோம். அவரவர் மனைவியை அவரவர் சரிக்கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை. கல்யாணமாகி இவ்வளவு காலம் கழித்தும் அந்த நம்பிக்கை இருந்தது என்பதை யோசித்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது.

கள்ளக்குறிச்சி போய் ஒரு பட்டுப்புடவை எடுத்து வந்தேன். நிர்மலா பிரித்துப் பார்த்தாள். நிறம் நன்றாக இருக்கிறது என்றாள்.

"ஹிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிடு, போதும்" என்றேன்.

"ராதிகா ஒத்துக்கணுமே. அவ வூட்டுக்காரரு அவளுக்குக் கம்மல் எடுத்துக் குடுத்திருக்காரு."

"நீதான் மகளிர் குழுத் தலைவியாச்சே. நீ சொன்னா கேட்டுக்குவா."

"பாக்கறங்க" என்று புடவையை மடித்துப் பீரோவில் வைத்தாள்.

தீர்ப்பு நாளில் டீக்கடை எதிரில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நிர்மலா புதுப் புடவையில் வந்தாள். ராதிகா புதுக் கம்மலில் வந்தாள். எனக்கும் இளவரசனுக்கும் ஒரே நேரத்தில் நெஞ்சு நிமிர்ந்தது.

நிர்மலா எழுந்து நின்று, நிதானமாகப் பேசினாள். "எங்க வூட்டுக்காரரு ஒண்ணு சொன்னாரு. கரும்பு நட்ட வாரமே வெட்டக்கூடாதுன்னு. நல்ல வார்த்த. படம் முழுசா ஓடி முடியட்டும், அதுக்கப்பறம் ஹிட்டா ப்ளாப்பான்னு சொல்றோம். அதுவரைக்கும் ரெண்டு பேர்ல யார் தோத்தவருன்னு தெரியாது இல்லீங்களா? அதனால, அதுவரைக்கும் ரெண்டு பேருமே சமைக்கட்டும்."

ராதிகா தலையாட்டினாள். கம்மலும் ஆடியது. டீக்கடை கைதட்டியது. கட்டுப்படுவோம் என்று நாங்கள் சொன்னதை அங்கே ஒருவர்கூட மறந்திருக்கவில்லை.

அடுப்படிக்குப் போனேன். முதல் நாள் ரசம் குழம்பு மாதிரி இருந்தது. மறுநாள் குழம்பு ரசம் மாதிரி இருந்தது. நிர்மலா ரெண்டையும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து மதில் சுவருக்கு மேலே இளவரசன் தலை தெரிந்தது. தீர்ப்புக்குப் பிறகு அன்றுதான் என்னோடு பேசினார். பருப்பு வேகும்போதே உப்புப் போடுவதா, பிறகு போடுவதா என்று கேட்டார். பிறகு என்றேன். அதில் எங்கள் பகை முடிந்தது.

இப்போது ரெண்டு பேருக்கும் ஒரே வேண்டுதல்தான். படம் சீக்கிரம் தியேட்டரை விட்டு ஓட வேண்டும். ஹிட்டு ஹிட்டு என்று கத்திய நானே, படம் குப்பை என்று போனில் போகிற வருகிற குரூப்பில் எல்லாம் எழுதினேன். இளவரசன் மன்றத்துப் பையன்களை விட்டு எழுதச் சொன்னார். ஊரில் வேறு யாரும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தார்கள். ஆனாலும் போஸ்டரில் 'வெற்றிகரமான' என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த வாரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அந்தச் சமயத்தில் நிர்மலாவின் மகளிர் குழுவுக்கு வேலை ஜாஸ்தியாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் கூட்டம். கூட்டத்துக்குப் புளிசாதம் வேண்டும் என்பாள். முதலில் குக்கரில் கிண்டினேன். பிறகு அண்டாவில் கிண்டினேன். வேர்க்கடலையை நல்லெண்ணெயில் பொரித்துக் கடைசியில் போட வேண்டும் என்பதை நானாகவே கண்டுபிடித்தேன். இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிடுகிறது. மன்னிக்க வேண்டும்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிறு நானும் இளவரசனும் அவர் பைக்கில் கள்ளக்குறிச்சி போனோம். டிக்கெட் கவுண்டரில் பூமாலை என்பவர் இருந்தார். இந்தப் படத்தை எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டோம். அவர் அலுத்துக்கொண்டார்.

"எப்பவோ எடுத்திருக்கணுங்க. வாரநாள்ல ஈ ஓட்டறோம். ஞாயித்துக்கெழம மேட்னிதான் காப்பாத்திக்கினு இருக்குது. பொம்பளைங்க கூட்டம். எலவனாசூர்கோட்டையிலேருந்து வர்றாங்க, மலைமேல கரியாலூர்லேருந்து வேன் வச்சிக்கினு எறங்கறாங்க. குழுவாம். சாப்பாடுகூட அவங்களே கொண்டாந்துடறாங்க."

சாப்பாடு என்றதும் ரெண்டு பேரும் தியேட்டர் கதவுப் பக்கம் நடந்தோம்.

இடைவேளை மணி அடித்தது. கதவோரம் நின்று உள்ளே பார்த்தோம். விளக்குப் போட்ட தியேட்டரில் வரிசை வரிசையாகப் பெண்கள். நடுவில் என் அண்டா. ராதிகா தட்டில் வைத்து வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து வந்த ஒரு அம்மா ஒரு வாய் போட்டுக்கொண்டு, யார் செய்தது இது என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் நிர்மலா. கிண்டல் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் படிப்பது மாதிரிச் சொன்னாள். அந்த அம்மா இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாள். அவள் புருஷன் அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லையாம். கரியாலூரிலும் இப்படி ஒரு பந்தயம் வைத்தால் தேவலை என்றாள்.

உள்ளே போய்ச் சண்டை போட வேண்டும் என்றுதான் கதவுவரை வந்தேன். போகவில்லை. இளவரசன் என் தோளைத் தட்டினார். ராதிகா கேட்டு அவர் சுட்டுக் கொடுத்த வடை எங்கேயாவது தெரிகிறதா என்று மெதுவாகக் கேட்டார். பின்வரிசையில் தெரிந்தது. ரெண்டு பேரும் ஒரு டீ குடித்துவிட்டு ஊர் திரும்பினோம்.

பொங்கலுக்குப் புதுப் படங்கள் வந்ததும் சாவிப்படையை எடுத்தே ஆக வேண்டியதாயிற்று. மறுபடி ரெண்டு நாற்காலி போட்டார்கள். ஹிட்டு என்று நிர்மலா தீர்ப்புச் சொன்னாள். சூப்பர் ஹிட்டு என்று ராதிகா திருத்தினாள். இளவரசன் தோற்றுவிட்டார். நியாயமாக இனிமேல்தான் அவருக்கு ஒரு மாதத் தண்டனை ஆரம்பம். நான் ஜெயித்துவிட்டேன். டீக்கடையில் எனக்கு மாலைகூடப் போட்டார்கள்.

மறுநாள் விடிந்தும் எழுந்திருக்கவில்லை. ஜெயித்தவன் மாதிரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காபிக்குக் காத்திருந்தேன். காபி வரவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தால் கட்டில் ஓரம் நிர்மலா உட்கார்ந்திருந்தாள். அவளும் காபிக்குத்தான் காத்திருந்தாள்.

"நான்தான் ஜெயிச்சிட்டேனே" என்றேன்.

"ஆமாங்க. நீங்களும் ஹிட்டு, உங்க சமையலும் ஹிட்டு" என்றாள். "நல்லா ஓடற படத்த எந்தத் தியேட்டர்காரனாவது தூக்குவானா?"