ஜன்னலை அடைத்தாலும் வரும் உங்கள் பட்டறைக் காற்று

திருப்பூர்
28-1-1966

மைத்துனர் மருதாசலம் அவர்களுக்கு, உங்கள் தங்கை கமலாம்பாளின் கணவன் ஞானசம்பந்தம் எழுதுவது. இங்கே மூச்சு விடுவதைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கும், அதாவது எங்கள் பின்சுவருக்கு அந்தப்பக்கமும், நலமென்றே நம்புகிறேன். நேரில் சொன்னால் சிரிக்கிறீர்கள், ஆகவே தபாலில் சொல்கிறேன்.

என் மகள் கண்ணம்மாளுக்கு மூன்று மாதமாக இளைப்பு. தயிர்தான் காரணம் என்றார்கள், நிறுத்தினேன், இலவம்பஞ்சு என்றார்கள், மெத்தையைத் தூக்கிப் போட்டேன், கோழி இறகு என்றார்கள், ஏழு கோழியும் போயிற்று, திருஷ்டி என்று உங்கள் தங்கை மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டதில் மூவரும் தெருவில் நின்று இருமினோம். பின்சுவரை ஒட்டிப் பனியன் துணி வெளுக்கும் உங்கள் பட்டறைத் தொட்டி மட்டும் ஒருவர் மூக்கிலும் படவில்லை. பள்ளியில் இருபது வருஷமாக ரசாயனம் நடத்துகிறவன் சொல்கிறேன், அது குளோரின் வாசம்.

இதைச் சொல்ல வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஏனுங்க மாப்ளே, நாப்பது பேரு நாள் பூரா இங்கியேதான் நிக்கறாங்க, ஒருத்தனாச்சும் இருமறானா? ஏப்பா நல்லான், உனக்கு இருமல் இருக்குதா?" தொட்டியருகே நின்ற நல்லான் "இல்லீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை இருமினான். அதற்கும் சிரித்தீர்கள். என் கல்யாணப் பந்தியில், வாத்தியாருக்கு இலை போட்டால் போதும், பாயசத்தைப் பாடமாக நடத்திக்கொள்வார் என்றீர்களே, அதே சிரிப்பு.

ஒரு மாதத்தில் இளைப்பு நிற்காவிட்டால் பெண்ணை உடுமலையில் என் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார் டாக்டர். ஒன்பது வயதுப் பிள்ளையை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் நானும் உங்கள் தங்கையும் என்ன செய்வது? தொட்டியை ஊருக்கு வெளியே கொண்டுபோங்கள். அதுவரை ஜன்னலையெல்லாம் அடைத்துவைக்கிறேன்; மூன்று மாதம் முன்பு சளிக்குக் காட்டியபோது சுத்தம் முக்கியம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் அவள் அறையை என் கையாலேயே கழுவிவிடுகிறேன். தகப்பன் வேறென்ன செய்வான்?

முருகன் அருளால் உங்கள் வீட்டாருக்காவது நல்ல காற்று வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
ஞானசம்பந்தம்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்ட மறந்து இக்கடிதம் பல நாள் சட்டைப்பையில் கிடந்தது. இதற்கிடையில் நீங்கள் பட்டறையைப் பூட்டிவிட்டுக் காவடியோடு பழனி போனீர்கள். இளைப்பு நிற்கவில்லை. ஐந்தாம் நாள் உங்கள் தங்கை கேட்டாள்: "ஏனுங்க, எங்கண்ணந்தான் ஊர்லயே இல்லீங்களே, அப்பறம் இந்த நாத்தம் எங்கிருந்துங்க வருது?" கேட்டுவிட்டு, நான் அறை கழுவும் பிளீச்சிங் பவுடர் டப்பாவைக் கண்ணம்மாளின் கட்டிலடியிலிருந்து இழுத்து என் முன்னால் வைத்தாள். உங்கள் தொட்டியில் போடும் அதே பவுடர், நல்லானிடம் நானே கேட்டு வாங்கியது. இப்போது வெறும் தண்ணீர்தான். ஜன்னல்களையும் திறந்துவிட்டேன், உங்கள் பக்கத்து ஜன்னலைத் தவிர. மூன்று நாளாகப் பெண் நிம்மதியாகத் தூங்குகிறாள், உடுமலைப் பயணம் இல்லை. ஆகவே மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நல்லானின் இருமலை மட்டும் அடிக்க வேண்டாம். அவன் கட்டிலடியில் நான் எந்த டப்பாவும் வைக்கவில்லை.